கரடியூர்: பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போகிற ஊரா?

சேலம் மாவட்டம் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கரடியூர் காட்சிமுனையில் அதிகம் நிற்பதில்லை. வண்டியை ஓரம் கட்டுகிறார்கள், பள்ளத்தாக்கைப் பின்னால் வைத்து நாலு படம் எடுக்கிறார்கள், குழந்தைக்கு ஒரு மக்காச்சோளம் வாங்கித் தருகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். மொத்தம் பத்து நிமிடம். கீழே சமவெளி விரிந்து கிடக்கும் அந்தக் காட்சி நிஜமாகவே அழகுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காட்சிக்காக வண்டி கடந்து வந்த சாலையின் இரண்டு பக்கமும் இருந்ததை யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. அங்கே இருப்பது காபி. காபிக்கு மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, நடுநடுவே பலா, ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம். ஒரே நிலத்தில் மூன்று அடுக்கு வெள்ளாமை. விவசாயக் குடும்பம் ஒன்று ஏற்காடு போனால் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே முள்மரமும் மூங்கிலுமாக இருக்கிற காடு, ஏற ஏறக் குளிர்ந்து, மேலே போனதும் காபித் தோட்டமாக மாறிவிடும். குப்பனூர் வழியாக இன்னொரு சாலையும் உண்டு. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்பார்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேர்வராயன் கோயில் இருக்கும் முகடு 1,600 மீட்டரைத் தாண்டும். ஊட்டி, கொடைக்கானல் அளவுக்குக் குளிராது, சேலம் அளவுக்குச் சுடாது. அரபிகா காபிக்கு இந்த இடைப்பட்ட தட்பவெப்பம்தான் வேண்டும்.

கரடியூர், பெயரிலேயே கரடியை வைத்திருக்கிற மலைக் கிராமம். இந்த மலைகளின் பூர்வகுடிகள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது தலைமுறை தலைமுறையாக அவர்கள் சொல்லும் கதை. சாமை, தினை, ராகி என்று மானாவாரியில் விளைவித்துச் சாப்பிட்டுவந்த சனங்கள். காபி அவர்களுக்குப் பிறகு வந்தது.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த செடி, சின்ன விவசாயி காப்பாற்றும் தோட்டம்

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இங்கே காபிக்கும் பேரிக்காய் போன்ற குளிர்ப்பிரதேசப் பழங்களுக்கும் தொடக்கம் போட்டவர். அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் கிரேஞ்ச் பங்களா இன்றும் ஏற்காட்டில் இருக்கிறது. பின்னாளில் பெரிய எஸ்டேட்டுகள் வந்தன. நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர் எஸ்டேட் பக்கத்திலேயே ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளி குடும்பங்களும் காபி போட்டார்கள். எஸ்டேட்டில் கூலிக்குப் போய்க் கற்றுக்கொண்டதை வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் செய்தார்கள்.

சமவெளி விவசாயிக்கு இந்தத் தோட்டத்தில் கவனிக்க நிறைய இருக்கிறது. முதலில் நிழல். காபி வெயிலைத் தாங்காத செடி. மேல் அடுக்கில் பலா, அத்தி, சில்வர் ஓக் போன்ற உயரமான மரங்கள். அதற்குக் கீழே கல்யாண முருங்கை. இந்த இரண்டையும் தாண்டி வடிகட்டி இறங்கும் வெளிச்சத்தில்தான் காபி நிற்கிறது. கோடையில் மரத்தைத் தொடாமல், மழைக்காலம் வந்ததும் கிளை கழித்து வெளிச்சம் விடுவார்கள். நிழலைக் குறைத்தால் மகசூல் கூடும் என்று கணக்குப் போட்டு மரத்தை வெட்டியவர்களுக்கு வந்து சேர்ந்தது வெள்ளைத் தண்டு துளைப்பான். இந்த வண்டு, வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில்தான் விரும்பி முட்டை வைக்கும். புழு உள்ளே போய்விட்டால் மருந்து எட்டாது. செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வண்டு பறக்கும். அதற்கு முன்பே தண்டில் உரிந்து நிற்கும் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து வழவழப்பாக்கி விடுவார்கள். மருந்துச் செலவில்லாத வேலை, ஆனால் ஆள் வேண்டும்.

அடுத்தது பூ. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். இதைப் பூ மழை என்பார்கள். மழை விழுந்து ஏழெட்டு நாள், பத்து நாளில் கிளை தெரியாமல் வெள்ளைப் பூ. மல்லிகைபோல மணக்கும். மூன்று, நான்கு நாளில் உதிர்ந்துவிடும். அந்த வாரத்தில் கரடியூர் சாலையில் போகிறவர் கொடுத்து வைத்தவர். ஆனால் தேதி சொல்லிவிட்டு வரும் பூ இல்லை. மழை தவறினால் பூவும் தவறும். தண்ணீர் வசதி இருக்கிற எஸ்டேட் தெளிப்பான் போட்டு மழையை ஈடுகட்டிக்கொள்ளும். ஒரு ஏக்கர்காரர் வானத்தைப் பார்ப்பார்.

பூத்து எட்டு, ஒன்பது மாதத்தில் பழம். நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை பறிப்பு. எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. சிவந்ததை மட்டும் பறித்து, பச்சையை விட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி வர வேண்டும். பறித்த அன்றே பல்ப்பர் இயந்திரத்தில் தோல் நீக்கி, கொட்டையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு போக ஒரு நாள், ஒன்றரை நாள் தொட்டியில் ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைத்தால் அது பார்ச்மெண்ட். பழத்தை அப்படியே காயவைத்தால் செர்ரி. பார்ச்மெண்டுக்கு விலை கூடுதல். பல்ப்பரும் தண்ணீரும் களமும் இல்லாதவர் செர்ரியாகவோ, பழமாகவே எடை போட்டோ விற்றுவிடுகிறார். லாபத்தின் முதல் துண்டு அங்கேயே கைவிட்டுப் போகிறது.

மிளகுதான் சின்னத் தோட்டத்தின் உண்டியல். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட கொடிக்குத் தனி இடம் வேண்டாம். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிப்பார்கள். நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிற்கும். காயவைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்தால் சீக்கிரம் காயும், நிறமும் கருகருவென்று ஒரே மாதிரி வரும். காபி விலை விழுகிற வருடம் பள்ளிக் கட்டணம் கட்ட வைப்பது இந்த மிளகுதான். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேராக வளரும், பின்னாளில் மரமாகவும் விற்கலாம் என்பதால் தோட்டம் முழுவதும் அதையே நட்டுவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. பலாவும் அத்தியும் தரும் நிழலையும் இலை மட்கையும் அது தராது என்பதை மூத்த விவசாயிகள் அறிவார்கள்.

ஏற்காட்டில் ஒரு பிரெஞ்சு ஊரின் பெயர்

ஏற்காடு ஊருக்குள் இருக்கும் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் க்ளூனி புனித ஜோசப் சபைக் கன்னியாஸ்திரிகள். மலையில் குழந்தைகளைச் சேர்த்துவிட்டுப் போகும் பெற்றோர்கள் க்ளூனி என்ற சொல்லைப் பலமுறை கேட்டிருப்பார்கள். அது ஒரு ஊரின் பெயர். பிரான்ஸ் நாட்டின் பர்கண்டி பகுதியில், க்ரோன் என்ற சின்ன ஆற்றின் கரையில் இருக்கிறது. அந்தச் சபையை 1807-ல் நிறுவிய ஆன்-மேரி ஜாவூஹே ஒரு விவசாயியின் மகள். க்ளூனியில் ஒரு பழைய மடத்தை வாங்கி அங்கே குடியேறியதால் சபைக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1827-லேயே அவர்கள் புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள். ஏற்காட்டின் இன்னொரு பெரிய பள்ளியான மான்ட்ஃபோர்ட், 1917-ல் தொடங்கியது. அதை நடத்தும் சபையும் பிரான்ஸில் பிறந்ததுதான்.

இந்த க்ளூனி, ஐயாயிரம் பேர் வாழும் ஊர். நம் கணக்கில் ஒரு பெரிய கிராமம். ஆனாலும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 910-ம் ஆண்டு அங்கே ஒரு மடம் எழுந்தது. 1088-ல் கட்டத் தொடங்கிய அதன் தேவாலயம், ரோமில் இன்றைய புனித பேதுரு ஆலயம் வரும்வரை கிறிஸ்தவ உலகிலேயே மிகப் பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மடத்தை விற்றார்கள்; வாங்கியவர்கள் கல்லுக்காக இடித்தார்கள். இன்று நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இல்லாத கோயிலைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் வருகிறார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை. எஞ்சியவற்றில் விவசாயிகளுக்குப் பிடிக்கக்கூடியது, மடத்தின் மாவுக் கிடங்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் மரக்கூரை இன்றும் அப்படியே நிற்கிறது. நெப்போலியன் காலத்தில் அந்த ஊரில் ஒரு குதிரைப் பண்ணை வைத்தார்கள், மடத்தை இடித்த கல்லைக் கொண்டே. அதையும் பார்க்க ஆட்கள் போகிறார்கள்.

பார்க்கிற இடங்கள் இவ்வளவுதான். ஆனால் க்ளூனிக்குப் போகிறவர் பத்து நிமிடத்தில் திரும்புவதில்லை. சனிக்கிழமைச் சந்தையில் சுற்றுவட்டார விவசாயிகள் ஆட்டுப்பால் சீஸ், காய்கறி, தேன், ஒயின் கொண்டுவந்து விற்கிறார்கள். ஊரைச் சுற்றிய மேய்ச்சல் நிலங்களில் ஷரொலே என்ற வெள்ளை மாட்டினம் மேய்கிறது. ஓட்டம் நின்றுபோன பழைய ரயில் பாதை ஒன்றைத் தண்டவாளம் எடுத்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று 1997-ல் திறந்தார்கள். அந்தப் பாதை வயல், திராட்சைத் தோட்டம், கிராமம் என்று புகுந்து போகிறது. வந்தவர் களைத்தால் ஒரு விவசாயி வீட்டில் தங்கலாம்.

இந்த விவசாயி வீட்டுத் தங்கல் தானாக வந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸில் கிராமங்கள் காலியாகத் தொடங்கின. பிள்ளைகள் பட்டணம் போனார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பழுதுபார்த்து, விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் ஏற்பாடு 1950-களில் உருவானது. 1955-ல் அதற்கென்று நாடு தழுவிய கூட்டமைப்பு அமைந்தது. நிலத்தை விற்காமல், விவசாயத்தை விடாமல் இன்னொரு வருமானம் என்பதுதான் நோக்கம். பயணி பட்டணத்து ஹோட்டலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு பால் கறக்கிற வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

காட்சிக்கு விலையில்லை, கொட்டைக்கு உண்டு

கரடியூரில் நடப்பது இதற்கு நேர் எதிர். பயணி பார்ப்பது கிராமத்தின் முனை; செலவழிப்பது ஏற்காடு ஏரிக்கரையில். காபித் தோட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டே எங்கிருந்தோ வந்த பாக்கெட் காபியைக் குடிக்கிறார். மலைக்கு இவ்வளவு பேர் வந்தும் ஒரு ஏக்கர்காரருக்கு அதில் கிடைப்பது பெரும்பாலும் சாலை நெரிசலும் வரப்போரம் விழும் பாட்டிலும்தான்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். சுமார் ஆறு கிலோ அரபிகா பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுத்தால் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும். அதாவது ஒரு கிலோ காபித் தூளுக்கு ஏழு கிலோவுக்கு மேல் பழம். அந்த ஏழு கிலோ பழத்துக்குத் தோட்டத்தில் கிடைக்கும் தொகையையும், கலப்பில்லாத ஒரு கிலோ அரபிகா தூளின் கடை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் இருக்கும் வித்தியாசம் யாருடையது என்று தெரிந்துவிடும். தோல் நீக்க, காயவைக்க, வறுக்க, அரைக்கச் செலவுண்டுதான். ஆனால் வறுக்கத் தெரியாத வீடு இந்த மலையில் எது?

முன்பு இதற்குச் சட்டமே இடம் தரவில்லை. 1942-ல் வந்த காபிச் சட்டத்தின்படி, விளைந்த காபியைக் காபி போர்டிடம் ஒப்படைக்க வேண்டும். போர்டு விற்றுப் பணம் தரும். 1990-களில் அது படிப்படியாகத் தளர்ந்து, 1996-லிருந்து விவசாயி தன் காபியை விரும்பியவருக்கு விற்கலாம் என்றானது. சட்டம் விட்டுவிட்டது. பல்ப்பரும் உலர்களமும் இல்லாததுதான் இன்னும் விடவில்லை. பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து ஒரு பல்ப்பர், ஒரு களம், ஒரு வறுக்கும் இயந்திரம் என்று வைத்துக்கொண்டு, காட்சிமுனைக்குப் போகிற வழியிலேயே ஒரு கடை போட்டால், பத்து நிமிடப் பயணி அரை மணி நேரம் நிற்பார். நிற்கிறவருக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட ஒரு கட்டணம் வைக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு சின்னத் தொழிலுக்கும் வேண்டும். அது எட்டாத விஷயமில்லை. வீட்டில் ஓர் அறையைப் பயணிக்கு விட நினைப்பவர்கள் சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் பதிவை விசாரித்துக்கொள்ளலாம்.

அவசரமும் இருக்கிறது. காபி கட்டவில்லை என்று ஒரு ஏக்கர் விற்பனைக்கு வந்தால், வாங்க வருகிறவர் காபிக்காக வருவதில்லை. மாடியிலிருந்து பள்ளத்தாக்கு தெரிகிறதா என்று பார்க்க வருகிறார். மலைப்பகுதிக் கட்டட விதிகளின் கீழ் ஏற்காடு வருகிறது என்றாலும், நிழல் மரம் போனால் விதி அதைத் திருப்பித் தராது. மரம் போனால் நஷ்டம் மலைக்கு மட்டுமில்லை. சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர் வழியாகப் போகும் சரபங்காவும் இந்த மலையில் பிறந்து காவிரியில் சேர்கின்றன. வடக்குச் சரிவுத் தண்ணீர் வாணியாறாக இறங்கி, தர்மபுரி மாவட்டத்தில் அணையில் தேங்கி, பிறகு தென்பெண்ணைக்குப் போகிறது. நிழல் மரத்தின் இலைமட்கு குடித்து வைக்கும் மழைதான் மெல்லக் கசிந்து ஓடையாகிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் வயல் வைத்திருப்பவருக்கும் கரடியூர்க்காரர் காபியை விடாமல் இருப்பதில் பங்குண்டு.

போகிறவர்களுக்கு

ஏரியில் படகு, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட் எல்லாம் எல்லோரும் போகிற இடங்கள். லேடீஸ் சீட்டில் இரவில் சேலம் விளக்குகள் நன்றாகத் தெரியும். கிளியூர் அருவிக்கு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் ஆதாரம் என்பதால், மழைக்காலம் முடிந்த கையோடு போக வேண்டும். கோடையில் வெறும் பாறை. படிகள் செங்குத்து, முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளலாம். பகோடா பாயிண்டும் பார்க்கத் தகுந்தது.

விவசாயக் குடும்பங்கள் தவறவிடக் கூடாதது, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்கிட் தோட்டம். 1963-ல் தொடங்கியது. காட்டு ஆர்கிட் வகைகளோடு, பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியும் இருக்கிறது. பிள்ளைகளை அதன் பக்கத்திலிருந்து நகர்த்துவது கஷ்டம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் ஏற்காட்டில் உண்டு. வேலை நாளில், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் மிளகு, பழமரங்கள் பற்றிய சந்தேகங்களைக் கேட்கலாம்.

மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். கூட்டமும் அறை வாடகையும் அப்போது உச்சத்தில் இருக்கும். அதே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்க, மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே திரளும். காபி பறிப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் டிசம்பரில் போவது நல்லது. பனி இருக்கும், போர்வை வேண்டும். தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். தன் வயலில் முன்பின் தெரியாத ஆள் இறங்கினால் எப்படி இருக்கும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாலை மங்கினால் காட்டுமாடுகள் தோட்டத்துக்கும் சாலைக்கும் வரும். ஹாரன் அடிக்காமல், இறங்காமல், அது போகும்வரை வண்டிக்குள்ளேயே காத்திருப்பதுதான் பாதுகாப்பு.

காபித் தூள் வாங்கும்போது இரண்டு கேள்வி கேட்கலாம். கொட்டை இந்த மலையில் விளைந்ததா, சிக்கரி எத்தனை சதவீதம். சிக்கரி கலந்த காபியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது விதி. பாக்கெட்டின் மேல் அந்த விகிதம் அச்சிட்டிருக்க வேண்டும். விளைவித்தவரிடமே வாங்க முடிந்தால் தூளாக வாங்காமல் வறுத்த கொட்டையாக வாங்குவது நல்லது. வீட்டு மிக்ஸியில் அவ்வப்போது அரைத்துக்கொண்டால் மணம் பல நாள் நிற்கும்.